சம்போவுக்குச் சோறு வைப்பது எப்படி

ரங்கூனில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் 14 வயதுப் பையன் ஒருவன், அலமாரிக்குப் பக்கத்தில் பலகைமேல் வைத்திருக்கும் சம்போ மேளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது காலி டப்பா மாதிரி கேக்குதே, தோல் போயிடுச்சா?" என்றான். தோல் போகவில்லை. சோறு வைக்கவில்லை, அதாவது சோற்றையும் சாம்பலையும் பிசைந்த விழுதைத் தோலின் நடுவில் ஒட்டவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அவனுக்குச் செய்து காட்டியதை இங்கே எழுதுகிறேன். சம்போ உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பர்மியர்களின் பத் வாய்ங் என்ற மேள வட்டத்துக்கும் இதே கைவேலைதான்.

சம்போ என்பது கம்போடியாவின் கெமர் மக்கள் வாசிக்கும் இருமுக மத்தளம். ஒரே மரக்கட்டையைக் குடைந்து, இரண்டு பக்கமும் தோல் போர்த்தி, வார் இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு முகம் பெரியது, மற்றது சற்றே சிறியது. படுக்கைவாக்கில் ஒரு தாங்கிமேல் வைத்து இரண்டு கையாலும் வாசிப்பார்கள். பார்த்தவுடனே நம் வீட்டுப் பொருள் போலத் தோன்றும். பின்பியட் என்ற அவர்களுடைய கோயில், அரண்மனை வாத்தியக் குழுவில் தாளத்தை நடத்துவது இதுதான். பின்பியட் என்ற பெயரிலேயே நமக்குத் தெரிந்த இரண்டு சொற்கள் இருக்கின்றன: பின் என்பது வீணை, பியட் என்பது வாத்தியம். அந்த வீணை நம் பழைய யாழைப் போல வளைந்த கழுத்து உடையது. அங்கோர் கோயில் சிற்பங்களில் அதைப் பார்க்கலாம். குழுவிலிருந்து அது எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதே குடும்பத்து யாழ் பர்மாவில் சவுங் என்ற பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

என் சம்போ என் தங்கை மகன் கொண்டுவந்து கொடுத்தது. அவன் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தான். அவனைப் பார்க்கப் போனபோது, அங்கே வயதான ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஆண் ஆசிரியரை அங்கே லோக் க்ரூ என்று கூப்பிடுவார்கள். க்ரூ என்பது நம் குருதான். முதல் நாள் அவர் எனக்கு ஒரு அடிகூடச் சொல்லித் தரவில்லை. ஒரு கிண்ணம் சோற்றையும் சாம்பலையும் முன்னால் வைத்துப் பிசையச் சொன்னார். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காரணம், நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது எங்கள் பக்கத்துத் தெருவில் பத் வாய்ங் வாசிக்கும் சயா, அதாவது ஆசிரியர், ஒருவர் இருந்தார். "தமீ, இங்கே வா" என்று கூப்பிட்டு, அதே சோற்றையும் சாம்பலையும் என் கையில்தான் பிசையக் கொடுப்பார். தமீ என்றால் மகளே என்று அர்த்தம். அந்த விழுதுக்குப் பர்மியில் பத் சா என்று பெயர், அதாவது மேளத்தின் சாப்பாடு. மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டத்தைக் கரணை என்போம், சாதம் என்றும் சொல்வோம். தோலுக்குச் சாப்பாடு போட்டால்தான் பேசும் என்று இங்கேயும் அங்கேயும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மிருதங்கத்தின் கரணை பல அடுக்காகத் தேய்த்துப் பூசிக் காயவைத்து நிலையாக இருப்பது. சம்போவில் அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாக வைத்து, வாசித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். மிருதங்கத்தின் இடப்பக்க முகமான தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து ஒட்டி, முடிந்ததும் சுரண்டி எடுக்கிறோமே, அந்த வழக்கத்துக்குத்தான் இது கிட்டத்தில் வரும்.

சரி, வேலைக்கு வருவோம். அரிசியில்தான் பாதிக் காரியம். புழுங்கலரிசி வேண்டாம், அந்தச் சோறு உதிரும், பிடிக்காது. ஒட்டரிசியும் வேண்டாம், பசை போல இழுத்துக்கொண்டு தோலோடு மல்லுக்கு நிற்கும். இங்கே கிடைக்கும் பவ்சான் அரிசி எனக்குக் கைகண்டது. மிருதுவாக வேகும், மசித்தால் ஒன்றாகச் சேரும். ஒரு பிடி அரிசிக்கு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் விட்டுக் குழைய வேகவிடுங்கள். உப்பு ஒரு கல்கூடப் போடக் கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும், தோல் கெட்டுப்போகும். அதனால் வீட்டில் மீந்த சோற்றை எடுக்காதீர்கள், அதில் யாராவது உப்புப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் நெய் பட்டிருக்கும். எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் விழுது தோலில் நிற்காமல் வழுக்கும். வெந்த சோற்றைத் தட்டில் பரப்பிக் கை பொறுக்கும் சூடுவரை ஆறவிடுங்கள். முழுதாக ஆறிப் போனால் விறைத்துவிடும், பிசைவது கஷ்டம்.

சாம்பல் விறகுச் சாம்பலாக இருக்க வேண்டும். கரண்ட் போகும் நாட்களில் ரங்கூனில் பாதி வீடுகளில் கரியடுப்புதான் எரிகிறது, ஆகவே சாம்பலுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அடுப்புச் சாம்பலில் மண்ணும் கரித்துண்டும் கலந்திருக்கும். பெயின்ட் அடித்த பலகையோ பிளாஸ்டிக்கோ எரிந்த சாம்பலைத் தொடவே கூடாது. நான் காய்ந்த தென்னை மட்டையைத் தனியாக எரித்துச் சாம்பல் எடுக்கிறேன். நன்றாக ஆறியதும் பழைய லொஞ்சி (பர்மிய லுங்கி) துணியில் இரண்டு தரம் சலிக்க வேண்டும். விரலுக்கிடையே தேய்த்தால் முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி இருக்க வேண்டும், நறநறவென்றால் இன்னொரு தரம் சலியுங்கள். ஒரு சின்ன மணல் துணுக்கு போதும், நீங்கள் கட்டைவிரலால் அழுத்தும்போது தோலைக் கீறிவிடும். சலித்த சாம்பலை மூடியிறுக்கமான டின்னில் வைத்துக்கொண்டால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை.

அளவு: சோறு மூன்று பங்கு, சாம்பல் ஒரு பங்கு. இது என் கைக்கணக்கு, மழைக்காலத்தில் சாம்பல் கொஞ்சம் கூடும். முதலில் சோற்றை மட்டும் சின்ன உரலில் இடித்து, பருக்கை தெரியாமல் மசித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சாம்பலைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக்கொண்டே பிசையுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையாகக் கொட்டினால் கட்டி தட்டும். பிசையப் பிசைய வெள்ளை போய்ச் சாம்பல் நிறம் ஏறும். கைக்கு முதலில் வழவழவென்று இருக்கும், பிறகு பிசுபிசுக்கும், அதன்பின் ஒரு கட்டத்தில் கையை விட்டுத் தானாக உருண்டு வரும். அங்கே நிறுத்துங்கள். எனக்கு இதற்குக் கால் மணி நேரம் ஆகும்.

பதம் பார்ப்பதற்கு லோக் க்ரூ காட்டிய வழி இது. சுண்டைக்காய் அளவு உருட்டிக் கட்டைவிரல் நகத்தின்மேல் அழுத்துங்கள். பத்து எண்ணிவிட்டு உரித்து எடுங்கள். நூல் நூலாக இழுத்தால் சாம்பல் போதவில்லை. ஓரத்தில் வெடிப்பு விட்டால் சாம்பல் கூடிவிட்டது, விரலை நீரில் நனைத்துக்கொண்டு மறுபடி பிசையுங்கள். நகத்தில் ஒன்றும் மிச்சம் வைக்காமல், அழுத்திய அச்சோடு ஒரே துண்டாக வந்தால் அதுதான் பதம்.

இப்போது மேளத்துக்கு வருவோம். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் தோலின் நடுப்பகுதியை ஒரு தரம் துடைத்து, காற்றில் உலரவிடுங்கள். பழைய விழுதின் தூசி இருந்தால் புதியது பிடிக்காது. என் சம்போவின் பெரிய முகம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். அதற்கு ஒரு எலுமிச்சம்பழம் அளவு விழுது போதும். சின்ன முகத்துக்குத் தேவைப்பட்டால் ஒரு நெல்லிக்காய். உருண்டையைச் சரியாக நடுவில் வைத்து, கட்டைவிரலின் சதைப்பகுதியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பரப்ப வேண்டும், ஒவ்வொரு தள்ளலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். நடுவில் கனமாகவும் ஓரத்தில் தோசையின் ஓரம் போல மெல்லிசாகவும் வர வேண்டும். முடிந்தபின் வட்டம் உள்ளங்கை அளவு இருக்கும். அடியில் காற்று அடைபட்டிருந்தால் அடிக்கும்போது விழுது குதிக்கும், ஓரமும் கிளம்பிவிடும். அதனால்தான் நடுவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். விளிம்பு வரை இழுத்துப் பூசிவிடாதீர்கள். விளிம்பு சும்மா இருந்தால்தான் தோல் அசையும்.

பூசியவுடன் சுருதி பார்க்க வேண்டாம். ஒரு ஐந்து நிமிஷம் விடுங்கள். விழுதின் ஈரம் தோலில் இறங்கித் தோல் கொஞ்சம் இளகும், சத்தம் இன்னும் இறங்கும். அதற்குப் பிறகு தட்டிக் கேளுங்கள். அந்த டப்பாச் சத்தம் போய், அடித்தபின் ஒரு ஓசை நின்று நீண்டு வரும். ரொம்ப இறங்கி, சத்தம் அமுங்கிப்போய்க் கேட்டால் விழுது அதிகம். நடுவிலிருந்து கிள்ளி எடுத்து, எடுத்த இடத்தைத் தடவிச் சமன் செய்யுங்கள். ஓரத்திலிருந்து எடுத்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. ஏறிக் கேட்டால் நடுவில் ஒரு மிளகளவு சேருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு வாயால் ஒரு தடவை அந்தச் சுருதியைப் பாடிப் பாருங்கள். காது ஏமாறும், தொண்டை அவ்வளவு சீக்கிரம் ஏமாறாது.

பத் வாய்ங்கில் இந்த நிதானம் இன்னும் கூடுதலாக வேண்டும். அங்கே வட்டமாக 21 மேளம் தொங்கும், நடுவில் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பார். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்வரத்துக்குச் சேர்க்க வேண்டும், பாட்டுக்கு நடுவிலேயே கட்டைவிரலால் ஒத்தி ஒத்திச் சரிசெய்வார்கள். எங்கள் சயா வாசித்துக்கொண்டே இடது கையால் விழுதைக் கிள்ளுவதை நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

நடுவில் கனம் வைத்தால் சத்தம் ஏன் இனிக்கிறது என்று அந்தப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. வெறும் வட்டத் தோலைத் தட்டினால் அடிநாதத்தோடு கூட எழும் மேல்நாதங்கள் ஒழுங்கான மடங்குகளில் வருவதில்லை. அடிநாதம் 1 என்றால் அடுத்தவை 1.59, 2.14 என்று கோணலாக வரும். அதனால்தான் சுருதி இல்லாத சத்தமாகக் கேட்கிறது. நடுவில் தகுந்த கனம் ஏறினால் அவை 1, 2, 3 என்ற மடங்குகளை நோக்கி நகர்கின்றன. மிருதங்கம், தபலா இவற்றின் கறுப்பு வட்டம் இந்த வேலையைச் செய்கிறது என்று 1920ல் எழுதிக் காட்டியவர் சி. வி. ராமன். அவர் 1909ல் அரசாங்க நிதித்துறை வேலையாக ரங்கூனுக்கு மாற்றலாகி வந்து சில மாதம் இருந்திருக்கிறார். இந்த ஊர்த் தெருவில் நடக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன். சம்போவின் விழுது மெல்லிசானது, மிருதங்கக் கரணை அளவுக்குத் துல்லியம் வராது. ஆனாலும் போகும் திசை அதுதான்.

எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், நான் அதில்தான் தவறினேன். கம்போடியாவிலிருந்து வந்த முதல் ஆடி மாதம், ஒரு ராத்திரி வாசித்துவிட்டுக் களைப்பில் விழுதை எடுக்காமல் படுத்துவிட்டேன். காலையில் ஓரம் கல்லாகக் காய்ந்து, நடுவில் ஈரமாக, லேசாகப் பூசணம் பூத்திருந்தது. அவசரத்தில் ஸ்பூன் முனையால் நெம்பினேன். தோலின் மேல்தளம் ஒரு நெல் நீளத்துக்கு உரிந்து வந்துவிட்டது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது, பெரிய முகத்தில் நடுவுக்குச் சற்றுக் கீழே. அங்கே அடித்தால் ஓசை ஒரு நூல் குறைவாகத்தான் வரும். ஆகவே வாசித்து முடித்த கையோடு, ஈரப்பதம் இருக்கும்போதே, ஓரத்தில் விரல் நுழைத்து மெதுவாகச் சுருட்டி எடுங்கள். பதமாகப் பிசைந்த விழுது ஒரே சுருளாக வரும். ஒட்டிய துணுக்குகளைப் புது விழுது உருண்டையாலேயே ஒற்றி எடுக்கலாம். அப்படியும் காய்ந்துபோனதென்றால் ஈரத்துணியை அதன்மேல் மட்டும் கால் மணி போட்டு இளக்குங்கள். இரும்பு எதுவும் தோலில் படக் கூடாது. எடுத்த விழுதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், புளித்துவிடும். எலி, கரப்பான் வரவும் அதுவே அழைப்பு. நான் செடித் தொட்டியில் போட்டுவிடுவேன்.

தினமும் இந்த வேலை எதற்கு, சப்பாத்தி மாவையோ ரப்பர் களிமண்ணையோ ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாவு ஒரு மணி நேரத்தில் மேலே காய்ந்து வெடிக்கும். ரப்பர் களிமண்ணில் எண்ணெய் இருக்கிறது, அது தோலில் ஊறினால் பிறகு எந்தச் சோறும் பிடிக்காது. அதோடு, புதிதாகப் பிசையும் அந்தக் கால் மணி நேரத்தில் மேளம் இன்றைக்கு எப்படி இருக்கிறது, காற்றில் ஈரம் எவ்வளவு என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு தடவை ஒட்டிவிட்டு மறந்துபோகிறவருக்கு அது தெரியாது.

லோக் க்ரூ இதை அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் அந்த நாட்டின் இசைக்காரர்களிலும் நடனக்காரர்களிலும் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். பிழைத்தவர்கள் கையில் இருந்ததைத்தான் பிள்ளைகள் திரும்பக் கற்றார்கள். பசியில் சோற்றுப் பருக்கைக்கு ஏங்கிய காலத்தைத் தாண்டி வந்த மனிதர் அவர். தட்டில் சிந்திய ஒரு பருக்கையையும் விடாமல் பொறுக்கி விழுதில் சேர்ப்பார். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

மரியாதை விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சம்போவில் குருவின் ஆவி குடியிருப்பதாகக் கெமர் வாத்தியக்காரர்கள் நம்புகிறார்கள். தாண்டக் கூடாது, வெறுந்தரையில் போடக் கூடாது, தொடங்குமுன் மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் பூவும் வைத்துக் கும்பிட வேண்டும். குருவை வணங்கும் சம்பியா க்ரூ சடங்கை வியாழக்கிழமையில் வைத்துக்கொள்வார்கள், நமக்கும் அது குருவாரம். என் வீட்டில் சரஸ்வதி பூஜை அன்றைக்கு மிருதங்கத்துக்குப் பக்கத்தில் சம்போவும் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும்.

பின்பியட்டின் மற்ற வாத்தியங்களில் ரனியட் ஏக் என்ற 21 கட்டை உள்ள மூங்கில் அல்லது மர வாத்தியத்துக்கும், வட்டமாக அடுக்கிய, கோங்கு என்ற வெண்கல மணித்தட்டுகளுக்கும் கனம் ஏற்றித்தான் சுருதி சேர்க்கிறார்கள். ஆனால் அங்கே சோறு இல்லை, ஈயமும் மெழுகும் கலந்த உருண்டையைக் கட்டையின் அடியில் ஒட்டுவார்கள். ஏக் என்பது நம் ஏகம், முதலாவது. அந்த ஈயத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நீங்கள் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே பெய்யும் மழையில் தோல் தானாகவே தொய்யும். அந்த நாட்களில் முதலில் மேளத்தைக் கரியடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, முகம் அடுப்பைப் பார்க்காமல் அரை மணி வைத்து ஈரம் போக்குங்கள். பிறகு வழக்கமான விழுதில் பாதி மட்டும் வைத்துப் பாருங்கள். போன ஞாயிறு மழை கொட்டிக்கொண்டிருந்தது. பையன் தானே பிசைந்து, நெல்லிக்காய் அளவு எடுத்துப் பெரிய முகத்தில் வைத்துத் தள்ளிப் பரப்பினான். அந்தத் தழும்பு இருக்கும் இடத்தில் மட்டும் விரலை அழுத்தாமல் சுற்றிப் போனான். அதை நான் சொல்லித் தரவில்லை. ஐந்து நிமிஷம் காத்திருந்து தட்டினான். ஓசை நின்று வந்தது.